அண்ணனிடம் கேட்ட கேள்விகள்

அன்புக் கண்ணு லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அங்கே டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஜெஃபினும் பேரன் மிதுனும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை வந்திருக்கிறது. போன தடவை எண்ணியபோது கோவை மாவட்டத்தில் முப்பத்து நான்கரை லட்சம் பேர், இப்போது எவ்வளவோ. அதில் என் பங்கு கணபதியில் நூற்று எழுபது வீடு. வரைபடத்தைப் பார்த்தால் ஆறுச்சாமி மாமா வீடும் அதில் இருந்தது. அவர் மகன் மனோஜ்குமாருக்கு உன்னைக் கேட்டு, நீ ஜெஃபினைக் கட்டிக்கொண்ட அன்று, எனக்குத் தங்கச்சியே இல்லை என்று சொல்லிப்போட்டுப் போனவர், ஏழு வருசமாக என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேறு தெரு கேள் என்றார் அப்பா. மேற்பார்வையாளர் சசிதர் சாரிடம் கேட்கத்தான் போனேன், கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை கழுத்தில் அடையாள அட்டையோடு போய் நின்றேன். கதவைத் திறந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார். கூடப் பிறந்த அண்ணன் கண்ணு! நானும் விடாமல், "குடும்பத் தலைவர் பேர் சொல்லுங்க" என்றேன். "உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். "நீங்கதான் சொல்லணுங்க, நானா எழுதக் கூடாதுங்க" என்றேன். சொன்னார். வயது, தாய்மொழி எல்லாம் கேட்டேன். இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். பதில்களை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம், அதனால் உனக்கும் எழுத மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

எல்லாம் பதிந்து முடித்து நான் எழுந்த பிறகு அவராகவே பேசினார். "மனோஜு ஈரோடு போயி ரண்டு வருசமாச்சு அம்மணி. அவனுக்குப் புடிச்ச புள்ளையக் கட்ட உடலைன்னு கோவிச்சுட்டுப் போயிட்டான். உங்கண்ணி புவனாளும் அவங்கூடவே போயிட்டா." அம்மணி என்று அவர் கூப்பிட்டு ஏழு வருசம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அடுத்த வீட்டுக்குப் போக ஒரு மணி நேரமானது. அவர் அடுப்பிலேயே உப்புமா கிளறினேன், இருவரும் சாப்பிட்டோம். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். செருப்பு மாட்டும்போதுதான், "பேரனுக்குக் காது குத்தியாச்சா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "நாங் கேட்டேன்னு சொல்லிப்போடாத. எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்தப் புள்ளைகிட்டப் பேசறது" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

உன் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்ததை நான் மறக்கவில்லை கண்ணு. உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும், அது நியாயம்தான். மாசக் கடைசி ஞாயிறு அவரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன், கறி எடுத்து வருவதாக அப்பாவே சொல்லிவிட்டார். மிதுனுக்கு வாரம் ஒரு முறையாவது எண்ணெய் தேய்த்துவிடு, நீயும் வேலை வேலை என்று சாப்பிடாமல் ஓடாதே. மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

ஞாயிறுதோறும் இரண்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாயே, அன்று கூப்பிட்டால் மாமா என் பக்கத்தில் இருப்பார். மனசு வராவிட்டால் அன்று மட்டும் கூப்பிடாதே, நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

உன் அம்மா
ராசாத்தாள்