ஜாமீன் கையெழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

செம்பாக்கம் கம்பெனி ஹாஸ்டலிலிருந்து இசக்கி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முட்டுவலி தேவலையா?

நிறையப் படிக்க வேண்டுமென்று நூலகத்துக்குப் போனேன். உறுப்பினராவதற்கு உள்ளூரில் சொந்த வீடுள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். இங்கே எனக்கு யாரைத் தெரியும்? ஹாஸ்டல் வாசலில் மீன் விற்கும் அங்காளம்மா அக்காவைக் கேட்டேன். கூடையோடு வந்துவிட்டார்.

“வூட்டு வரி ரசீது எங்கிட்ட கீது சார். இந்தப் பொண்ணுக்கு நான் பொறுப்பு” என்று சொல்லி, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

நூலகர் சமையல் புத்தகங்களைக் காட்டினார். நான் இருப்பதிலேயே தடிமனான நாவலை எடுத்தேன். தினமும் அக்காவுக்கும் கதை சொல்கிறேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள், அதையும் படிப்பேன்.

பன்னிரண்டாவதோடு “படிச்சது போதும்ட்டி” என்றீர்கள். எனக்குப் போதவில்லை அப்பா.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
இசக்கி