கிரகணத்தன்று கொட்டிய தண்ணீர்

பாகூர்
1939 ஜனவரி 21, சனிக்கிழமை இரவு

அன்புள்ள அரங்கநாதன் அண்ணனுக்குத் தங்கை தனக்கொடி எழுதுவது.

அண்ணா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. இங்கே எல்லோரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதம் இல்லை இது. ஆனாலும் அம்மாவின் ஆசீர்வாதத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடைசியில் நேரம் கிடைக்குமோ என்னவோ. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டுமாம், குளிரில் காதை மூடிக்கொள்ள வேண்டுமாம், சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை விடக் கூடாதாம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. தெற்குக் கிணறு இன்னும் உப்புக் கரிக்கிறது, அந்தப் பக்கத்துக் கரும்பு மஞ்சளாகிவிட்டது.

நீ பாரிசிலிருந்து அனுப்பிய கண்ணாடிக் குழாயைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதன் அடிவாயில் நீ ஆய்வுச்சாலையில் செய்த மெல்லிய தோலைக் கட்டியிருந்தாய். உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றி, சிவப்பு மை கலந்த தெற்குக் கிணற்றுத் தண்ணீர் ஜாடியில் நிறுத்தி வைக்கச் சொன்னாய். உப்பு தண்ணீரில் இரண்டு வகைத் துகளாகப் பிரிந்து நிற்கும், தோல் ஒரு வகையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொள்ளும், மற்றதையும் மையையும் தடுத்துவிடும், உள்ளே சிவக்காத வரைக்கும் தோல் முழுசாக இருக்கிறது என்று எழுதினாய். அங்கே குளிரில் தாங்கியது நம் ஊர் வெக்கையில் தாங்குமா என்று பார்க்கத்தான் என்னிடம் கொடுத்தாய். ஒரு நாளும் காயவிடாதே என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா வந்து பார்ப்பார். இன்னாடி, உங்கண்ணன் தோலு இன்னும் கிழியலியா, இங்க கரும்பு வெட்ட ஆளில்ல, அவன் அங்க குந்திக்கினு தோலு ஊறப் போடறான் என்று சிரிப்பார். ஆனால் சித்திரை வரைக்கும் தாங்கினால் நீ இன்னும் இரண்டு வருஷம் படிக்கலாம், தாங்காவிட்டால் கப்பலேறி வந்து நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது சிரிப்பு இல்லை.

ஐப்பசிப் பௌர்ணமியில் கிரகணம் பிடித்தது. முந்தின நாள் சாயந்திரம் அம்மா என்னிடம் தர்ப்பை கொடுத்து, வைத்துக்கொள்ள வேண்டியதன் மேலெல்லாம் போடச் சொன்னாள். நெய்யில் போட்டேன், ஊறுகாயில் போட்டேன், உன் ஜாடியை மறந்து தூங்கிவிட்டேன். விடிந்ததும் அம்மா, கிரகணத் தண்ணி வூட்ல ஒரு சொட்டு இருக்கக் கூடாது, எல்லாத்தையும் கொட்டுடி என்றாள். இது அண்ணனுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தண்ணீர் வீட்டில் இருந்தால் கடல் தாண்டிப் போன உனக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்து நானே கொட்டினேன். குடங்களோடு குழாயையும் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். மழை விட்டு அன்றைக்குத்தான் நல்ல வெயில். திரும்பி வந்தபோது தோல் பழைய எண்ணெய்க் காகிதம் மாதிரி சுருங்கியிருந்தது. ஊறப் போட்டதும் விரிந்தது, பிழைத்துக்கொண்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் உள்ளே ரோஜா நிறமாகிவிட்டது.

அன்றிலிருந்து சனிக்கிழமை ராத்திரியில் நெல் அறைக்கு வந்து, உள்தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசாக ஊற்றிவைக்கிறேன். காலையில் அப்பா பார்க்கும்போது வெள்ளையாக இருக்கும். உனக்கும் வாராவாரம் நன்றாக இருக்கிறது என்றே எழுதினேன். நீ திரும்பி வர வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் அப்போது மனசில் இருந்தது. போன வாரம் உன் கடிதம் வந்தது. தனக்கொடியின் குறிப்பை நம்பி மார்ச்சில் பேராசிரியர் முன்னால் வைக்கப்போகிறேன், அதே பக்குவத்தில் பெரிய தோல்கள் செய்யப்போகிறோம் என்று எழுதியிருந்தாய். அப்பா அதை உரக்கப் படித்துவிட்டு, பரவால்லடி, உங்கண்ணன் கெட்டிக்காரந்தான் என்றார்.

வைக்காதே அண்ணா. கிரகணத்துக்கு அப்புறம் நான் எழுதினது எல்லாம் பொய். அதற்கு முன்னால் எழுதின பதினோரு வாரமும் சத்தியம். இன்று விளக்கில் பிடித்துப் பார்த்தேன். நடுவில், நீ உள்ளே வைத்த மல் துணி இருக்கும் இடத்தில், ஒன்றும் ஆகவில்லை. துணி முடிந்து வெறும் தோலாக இருக்கும் ஓரத்தில்தான், நூல் கட்டின இடத்தில், மயிரிழை போல மூன்று கீறல். இது உனக்கு எதற்காவது உதவுமா தெரியாது. காயாமல் இருந்தால் எத்தனை மாதம் தாங்கியிருக்கும் என்று இனி யாருக்கும் தெரியாது, அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

இதைப் பற்றிப் பதிலில் எழுதாதே, உன் கடிதத்தை அப்பாதான் உடைப்பார். இந்தக் கடிதத்தை என்னோடு படிக்கும் பரிதாவிடம் கொடுத்தனுப்புகிறேன், திங்கட்கிழமை அவள் வாப்பா கடைக்குச் சரக்கு வாங்கப் புதுச்சேரி போகிறார், அங்கே தபாலில் போட்டுவிடுவார். எழுதி முடித்ததும் தண்ணீரை மாற்ற வேண்டும், விடிந்தால் ஞாயிறு. இன்றைக்கு ஒரு வாரத்துச் சிவப்பு, செம்பருத்தி

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. இன்னாடி இந்நேரத்துல வெளக்கு என்கிறார். குழாய் விளக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இன்னும் மாற்றவில்லை, அண்ணா நான்