மாத்திரையைத் தூக்கிப் போட்ட டீச்சர்

லாத்தா,

இன்று காலை மையத்துக்குப் புதிதாக வந்த இரும்புச் சத்து மாத்திரைப் பெட்டியைப் பிரித்தேன். துருப்பிடித்த ஆணியை வாயில் போட்டுக்கொண்டது போல அந்த வாடை நேராக நாக்குக்கு வந்தது. உங்கள் ஞாபகமும் கூடவே வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்தாள். வரிச்சிக்குடியில் வாழ்க்கைப்பட்டவள், ஐந்து மாதம், ஓய்வுக்காகத் தாய்வீடு வந்திருக்கிறாள். போன மாதம் கொடுத்த அட்டையைப் பிரிக்காமலே என் மேஜையில் வைத்தாள். போட்டால் குமட்டுகிறதாம், வயிறு கல்லாகி விடுகிறதாம். திட்டு விழப் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"நானும் ஒரு காலத்துல தூக்கிப் போட்டவதான் தாயி. வா, நர்ஸம்மாகிட்ட போய் மாத்தி வாங்குவோம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நீங்கள் கட்டிக் காத்த விஷயத்தை நானே போட்டு உடைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த வருடம் நான் இருந்த இருப்பு எனக்கே வெட்கம். கோட்டுச்சேரி அங்கன்வாடியில் நான் டீச்சர், நீங்கள் ஆயா. உங்கள் வீட்டு வழக்கப்படி அக்காவை அழைப்பது போல உங்களை லாத்தா என்பேன். மாசமாக இருக்கிற பெண்களை வரிசையாக உட்கார வைத்து, மாத்திரை போடாதவளை நான் கிழித்துத் தொங்கவிடுவேன். நீங்கள் சத்துமாவைக் கிண்டிக்கொண்டே, "டீச்சர் சொல்றதக் கேளுங்கம்மா" என்று பின்பாட்டுப் பாடுவீர்கள். எனக்கோ கர்ப்பப்பையில் கட்டி. மாதா மாதம் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழு என்று வந்தது. பத்தைத் தொடாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் தள்ளிப்போகப் போக ரத்தம் போகும், ரத்தம் போகப் போக ஆபரேஷன் தள்ளிப்போகும். நடுவில் நான். பிள்ளைகளோடு ஒரு பாட்டுக்கு ஆடினால் கண் இருட்டும்.

எனக்குக் கொடுத்த மாத்திரையை நான்கு நாள்தான் போட்டேன். ஐந்தாம் நாள் முதல் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். பெருக்கும்போது நீங்கள் கண்டுபிடித்தீர்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து அந்த மாத்திரைகளைக் காட்டினீர்கள்.

"ஊருக்குத்தான் உபதேசமா புள்ள?"

மற்றவர்கள் முன்னால் நான் டீச்சர், தனியாக இருந்தால் புள்ள. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உங்களுக்கென்ன, உங்கள் வயிறா புரளுகிறது என்று கத்தினேன். நீங்கள் அசையவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டீர்கள், ஆனால் நாளைக்கே டாக்டரம்மாவிடம் நானே சொல்லியாக வேண்டும், நீங்களும் கூட வருவீர்கள் என்றீர்கள். மறுநாள் நான் நழுவப் பார்த்தபோது காரைக்கால் பஸ்ஸில் என்னை முதலில் ஏற்றிவிட்டுத்தான் நீங்கள் ஏறினீர்கள்.

டாக்டரம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ, ஒத்துக்கொள்ளாவிட்டால் வந்து சொல்ல வேண்டியதுதானே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேறு மாத்திரை எழுதினார். வீரியம் குறைவு, ஒருநாள் விட்டு ஒருநாள், சாப்பிட்ட பிறகு. மெதுவாகத்தான் ஏறும், மீதியைச் சாப்பாட்டில் பாருங்கள், பத்தைத் தொட மூன்று மாத அவகாசம் தருகிறேன் என்றார். இந்த ஒரு வார்த்தைக்கா இத்தனை நாள் ஒளித்து வைத்தேன்!

அவ்வளவுதான், என் சாப்பாடு உங்கள் கைக்குப் போய்விட்டது. ஆட்டு மண்ணீரலை, நம் ஊரில் சுவரொட்டி என்போமே, அதை மிளகு போட்டு வதக்கி வாரம் இரண்டு நாள் கொண்டுவந்தீர்கள். மற்ற நாட்களில் முருங்கைக்கீரை, பயறு, மீன். பீட்ரூட்டை நறுக்கித் தட்டில் அடுக்கி, சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம்தான் என்று சாதித்தீர்கள். நான் டீச்சர், நீங்கள் சொல்வது தப்பு என்றேன். டீச்சர் லட்சணம் குப்பையில் கிடந்ததே என்றீர்கள். பீட்ரூட்டையும் தின்றேன்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஏழரை. ஆத்திரத்தில் அந்தச் சீட்டைக் கசக்கி எறிந்தேன். நீங்கள் பொறுக்கி எடுத்து நீவி, டாக்டரம்மாவிடம் நீட்டினீர்கள். விடிந்ததிலிருந்து என்னென்ன சாப்பிடுகிறேன், எப்போது சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்டார். ஒன்று விடாமல் ஒப்பித்தேன். மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் லாத்தா கையால் ஒரு டம்ளர் டீ என்று பெருமையாக வேறு சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அங்கதான் போகுது. சாப்பாட்டுல இருக்குற இரும்பு ஒடம்புல சேர விடாம டீ புடிச்சு வச்சுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும், அப்பறம் குடிங்க."

உங்கள் டீ ஊரறிந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, டிகாஷன் கறுக்கக் கொதித்து இறங்கும். சாப்பாட்டை விட அதற்காகத்தான் நான் வேலைக்கு வந்தேன் என்றுகூடச் சொல்வேன். திரும்பும் வழியெல்லாம் நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி வந்தீர்கள். கோட்டுச்சேரியில் இறங்கியதும் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"ஒரு கையால ரத்தத்த ஊட்டி, ஒரு கையால நாந்தானே புள்ள எடுத்திருக்கேன்."

குடித்தவள் நான்தானே என்றேன். நீங்கள் கேட்கவில்லை. மறுநாள் முதல் டீச்சட்டி ஒரு மணி நேரம் கவிழ்ந்தே கிடந்தது. கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்தீர்கள், சாப்பிட்டதும் கொய்யா வெட்டித் தந்தீர்கள். பிள்ளைகள் தூங்குகிற அந்த ஒரு மணி நேரத்தில் நாம் பேசியதைப் போல அதற்கு முன் பதினோரு வருடத்தில் பேசியதில்லை. மகன் துபாயிலிருந்து போன் செய்தால் நீங்கள் ஏன் சிரித்துப் பேசிவிட்டு வைத்ததும் அழுகிறீர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருடம் உங்கள் ரமலான் நோன்பும் ஈஸ்டருக்கு முந்திய எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்தன. நாற்பது நாளும் கறி, மீன் தொட மாட்டேன் என்று நான் பிடிவாதம். நீங்கள் என்னிடம் வாதாடவில்லை. நேராக மாதா கோவிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடமே முறையிட்டீர்கள். நோயாளிக்கு ஒருசந்தி விரதம் இல்லை, சாப்பிடச் சொல்லுங்கள், வேண்டுமானால் நாக்கை ஒருசந்தி இருக்கச் சொல்லுங்கள் என்று அவர் சிரித்தாராம். வந்து சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தீர்கள். சுவரொட்டி வாயில் வைக்க முடியாத உப்பு. நோன்போடு சமைத்தவருக்கு எச்சில்கூட விழுங்க மனமில்லை, உப்பு எங்கே பார்ப்பது?  மிச்சம் வைக்காமல் தின்றேன். நாக்கு வறண்ட வாயோடு நீங்கள் எதிரில் உட்கார்ந்து நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு உப்பைப் பற்றி என்றைக்கும் உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கடல் தண்ணீர் தோற்றது.

மூன்றாம் மாதச் சீட்டில் பத்து புள்ளி நான்கு. நான் படித்தேன், நம்பவில்லை. நீங்கள் வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்து, அல்ஹம்துலில்லாஹ் என்றீர்கள். நான் மாதாவே என்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றோம். ஆபரேஷன் ஒழுங்காக முடிந்தது. பிள்ளைகளோடு ஆடினேன், கண் இருட்டவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. என் உடம்பை எண்ணி எண்ணிப் பயந்த நாம் இருவரும் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசவில்லை. அது எனக்கு ஆறாது. துக்க வீட்டில் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சருக்கு என்ன சீக்கு என்று கேட்டால்கூட அம்மா சொல்ல மாட்டார்கள் என்றாள். அங்கே அழுத அழுகை உங்களுக்காகவா, அந்த வார்த்தைக்காகவா, தெரியாது.

இன்று அந்தப் பெண்ணை நர்ஸிடம் அழைத்துப் போனேன். அவளுக்கும் வேறு மாத்திரை கொடுத்தார்கள். வந்த கையோடு எனக்கும் பார்த்துவிடுங்கள் என்று விரலை நீட்டினேன். பன்னிரண்டு! லாத்தா சமைத்துப் போட்ட ரத்தம் இன்னும் ஓடுகிறது என்று பெருமையடித்தேன். நர்ஸ் சின்னப் பெண், விளையாட்டுத் தெரியாது. ரத்த அணு நாலு மாதம்தான் இருக்கும் டீச்சர், அதெல்லாம் எப்போதோ போயிருக்கும் என்று பாடம் நடத்தினாள்.

முதலில் சுருக்கென்றது. வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். நீங்கள் ஊட்டியது தீர்ந்துவிட்டது. இப்போது ஓடுவது நானே வாங்கி, நானே சமைத்து, நானே உட்கார்ந்து தின்றது. யாரும் பஸ்ஸில் ஏற்றிவிடாமலே.

அதற்காகத்தானே அவ்வளவு பாடுபட்டீர்கள், லாத்தா.