தோற்றவன் எழுந்திருக்கணும்

12-6-2002, புதன்

மதியம் வரை என் வீடியோ கேம் கடையில் கரண்ட் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் புதுக் கத்திச்சண்டை கேமை ஒரு சரக்காக வைத்து எடை போட்டுப் பார்த்தேன்.

ஒரு ஆட்டம் சீக்கிரம் முடிகிறது, காத்திருப்பவனுக்கு அலுப்பில்லை. பழைய கைச்சண்டை கேமில் பட்டன் வரிசையை மனப்பாடம் செய்தவன்தான் ஜெயிப்பான். இதில் முதல் நாள் வந்தவனும் கண்டபடி அமுக்கி நாலு வெட்டு வெட்டிவிடுகிறான். வாள், கோடாலி, சங்கிலி என்று ஆளுக்கொரு ஆயுதம். மேடை ஓரத்திலிருந்து தள்ளிவிட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது, அதனால் தோற்கிறவனுக்கும் கடைசி வரை ஆசை இருக்கும். கதை என்று ஒன்று இருக்கிறதாம், யாரும் பார்த்ததில்லை.

குறை, ஈட்டிக்காரன். நீளம் அதிகம். எட்ட நின்று குத்திக்கொண்டே இருந்தால் மற்றவன் கிட்ட நெருங்க முடியாது. பக்கவாட்டில் நகர்ந்தால் தப்பலாம். அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது? செய்த கம்பெனிக்காரன் ஒரு நாள் சிம்மக்கல்லில் என் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் திருத்தியிருப்பான்.

16-6, ஞாயிறு

என் மச்சினன் காளை இன்று கடையில் முதல் டிவியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சுவரில் நான்தான் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்: 'தோற்றவன் எழுந்திருக்கணும்.' அவன் தோற்கவில்லை. ஈட்டி.

"அடுத்த ஆளு வாங்கப்பா!" என்று கத்துகிறான், சிரிக்கிறான். வேலை பார்த்த மில் சித்திரையில் மூடியதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். வீட்டில் தட்டிலிருந்து தலை தூக்க மாட்டான்.

19-6, புதன்

விஜய்ஆனந்த், காலேஜ் பையன், தினம் வருகிறவன், கேட்டான்: "அண்ணே, உங்க மச்சினன் சண்டை போடுறாரா, கெணத்துல தூர் வாருறாரா? ஒரே குத்தாக் குத்துறாரு!" எல்லாரும் சிரித்தார்கள். காளையும்தான். சிரித்து முடித்து விஜய்ஆனந்த் கூட்டத்தோடு எதிர்க்கடைக்குப் போய்விட்டான். அங்கே கடைக்காரர் வெங்கடேஷ்பாபு பைக் ரேஸ் கேம் போட்டிருக்கிறார்.

22-6

நாலு டிவியில் ஒன்றுதான் ஓடியது. காளை, தனியாக, மெஷினோடு.

24-6, திங்கள்

காளை விஷயத்தை என் மனைவி ஒச்சம்மாளிடம் சொன்னேன். அவளுக்குத் தம்பி அல்லவா.

"அவன் சிரிச்சு எம்புட்டு நாளாச்சு? அதையும் புடுங்கப் போறீகளா?"

"கடையப் பூட்டிட்டு மூணு பேரும் உக்காந்து சிரிப்போம், சரியா?"

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஈட்டியை ஒரேயடியாகத் தடுக்கலாமா? ஈட்டிக்கென்றே வருகிறவனும் போய்விடுவான். யோசித்தால் ஈட்டி மட்டும் குறையில்லை. ஈட்டியும் என் சுவரும் சேர்ந்ததுதான் குறை. ஜெயித்தவன் எழ வேண்டியதில்லை என்றால் ஈட்டியைக் கையில் வைத்திருப்பவன் எதற்கு எழுவான்?

30-6, ஞாயிறு

சுவரில் இன்னொரு வரி எழுதினேன்: 'ஜெயித்தவன் ஆயுதம் மாத்தணும்.' செய்தி கேட்டு விஜய்ஆனந்த் கூட்டமும் திரும்ப வந்துவிட்டது.

காளை நின்று படித்தான். "எனக்காக எழுதுனதா மச்சான்?"

"எல்லாருக்கும்தான் மாப்ள."

முதல் ஆட்டம் ஈட்டியில் ஜெயித்தான். அடுத்ததற்குக் கோடாலி எடுத்தான். ஈட்டிக்கு நிற்கிற தூரத்திலேயே நின்று வீசினான்; காற்றைத்தான் வெட்டினான். அடி விழ விழப் பின்னால் போனான். ஓரத்துக்கு வந்ததும் விஜய்ஆனந்த் தள்ளிவிட்டான்.

"அண்ணே! தூர் வாருன கெணத்துக்குள்ளயே விழுந்துட்டீகளே!"

கடையே சிரித்தது. காளை ஜாய்ஸ்டிக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனான். தூக்கி எறிந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

1-7

காளை சாப்பிட வரவில்லை. ஒச்சம்மாள் அவன் தட்டை மூடி வைத்தாள். நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? கடைன்னா கடைதான். முந்தின நாளே அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... சொல்லல.

9-7, செவ்வாய்

நாலு டிவியும் ஓடுகிறது, படிக்கட்டு வரை ஆள். என்ன விசேஷம் என்று விஜய்ஆனந்தைக் கேட்டேன்.

"எதிர்க்கடைல இதே கேம் வாங்கிட்டாங்கண்ணே. உங்க மச்சினன் அங்க ஈட்டியோட உக்காந்துட்டாரு. எவன் அங்க போவான்?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் சொன்னேன். ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. "அங்கயாச்சும் உக்கார விடுறாகல்ல" என்றாள்.

13-7, சனி

வெங்கடேஷ்பாபு கடைக்கே வந்துவிட்டார். "அண்ணே, உங்க ஆளக் கொஞ்சம் கூப்பிட்டுக்கங்க."

"நீங்களும் செவுத்துல ஒரு வரி எழுதிப் போடுங்க பாபு. முடிஞ்சது."

"எழுதுனா எந்திரிச்சுப் போயிருவாரேண்ணே. அப்புறம் எங்க போவாரு?"

நான் டீ சொன்னேன். போட்டிக்கடைக்காரருக்கு.

14-7, ஞாயிறு

எதிர்க்கடை மாடிக்கு முதல் முறையாகப் போனேன். காளைக்குப் பக்கத்து நாற்காலி காலி. உட்கார்ந்தேன்.

"மாப்ள, நாளைக்குக் காலைல கடை தெறக்குறதுக்கு முந்தி வா."

டிவியை விட்டுத் திரும்பாமல் கேட்டான்: "ஈட்டி உண்டா?"

"உண்டு. எனக்கு."

அப்போதுதான் திரும்பினான்.

15-7, திங்கள்

பாதி ஷட்டர் போட்டபடி உட்கார்ந்தோம். கடை திறக்கும் வரை சுவர்ச் சட்டம் கிடையாது என்று பேச்சு. வருஷக்கணக்கில் கேம் கடை நடத்துகிறேன், ஜாய்ஸ்டிக்கை ஆடுவதற்கென்று பிடித்தது இன்றுதான். எனக்கு ஈட்டி, அவனுக்குக் கோடாலி.

எட்ட நின்றேன், குத்தினேன். ஜெயித்தேன். திரும்பவும் ஜெயித்தேன். உட்கார்ந்த இடத்தைவிட்டு யாரும் அசைக்க முடியாது என்கிற நினைப்பு ருசியாகத்தான் இருக்கிறது. இவன் ஏன் எழவில்லை என்று விளங்கிவிட்டது.

தோற்கத் தோற்கக் காளை கிட்ட வந்து நிற்கப் பழகினான். கடைசியில் ஒரு தடவை அவன் பின்னால் போகவில்லை. நான் குத்தும் வரை காத்திருந்து பக்கவாட்டில் நகர்ந்தான். என் ஈட்டி காற்றில். கோடாலி வந்தது, மேடை ஓரத்தில் நான், அப்புறம் இல்லை.

"கெணத்துக்குள்ள போயிட்டீக மச்சான்."

ஷட்டரைத் தட்டும் சத்தம். "அண்ணே, தெறக்கலியா?" விஜய்ஆனந்த்.

காளை சுவரைக் காட்டினான். எழுந்தேன். யாரும் சொல்லாமலே அவன் கோடாலியை விட்டுவிட்டுச் சங்கிலியை எடுத்தான்.

நான் போய் ஷட்டரை முழுதாகத் தூக்கினேன்.