தெளிந்த பீர்

ஆஷ்கோம்ப், ஷ்ராப்ஷயர்
12 ஜனவரி 2015

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

நியூசிலாந்தில் இப்போது கடும் வெயிலாக இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

போன கோடையில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன. யாரிடமும் சொல்லவில்லை. பீப்பாயைத் திறந்ததும் கடைக்காரன் ருசி பார்த்த பிறகே ஊற்றுவது நம் பப்பின் வழக்கம். நான் ருசி பார்ப்பதற்குப் பதில் கிளாஸை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தெளிவாகவே இருந்தது. பீப்பாய்கள் இருக்கும் நிலவறையின் சூட்டையும் தினம் இருமுறை குறித்தேன். அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ஒரு வெளியூர்க்காரர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "என்னங்க இது, வினிகரா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள், தினமும் வரும் நம் சிரில் எழுந்துவிட்டான். "பேசாம குடிச்சிட்டுப் போய்யா! நாங்க அக்டோபர்லேருந்து இதத்தான் குடிக்கிறோம். ஒரு கிளாஸுக்கே ஒனக்கு இவ்ளோ வாயா?"

கடையில் ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான்கு தலைமுறைக் கடை. நீ வந்து எடுத்து நடத்துவாயா? கேட்கும் தகுதி எனக்கு உண்டா, தெரியவில்லை.

அப்பா
ஆம்ப்ரோஸ்


டனீடன், நியூசிலாந்து
2 பிப்ரவரி 2015

அன்புள்ள அப்பாவுக்கு,

சிரில் மாமா நவம்பரிலேயே எனக்கு எழுதினார். "ஒங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே கண்ணு. பீர் புளிச்சாப் புளிச்சிட்டுப் போவுது. மனுசன் ஒடஞ்சிடுவாரு" என்று. நானும் சொல்லவில்லை. உங்கள் மேல் உள்ள பாசத்தால்தான்.

வர முடியாதப்பா. கடையை என்னிடம் விடுங்கள் என்று பதினோரு வருடம் நானே கேட்டேன். "இன்னும் கொஞ்சம் கத்துக்கம்மா" என்றீர்கள். இப்போது என் பிழைப்பும் பிள்ளைகளும் இங்கே. கோபத்தில் எழுதவில்லை. டாக்டரைப் பாருங்கள்.

அன்புடன்,
ஹெஸ்டர்


ஆஷ்கோம்ப்
1 மார்ச் 2015

ஹெஸ்டருக்கு,

நேற்றோடு கடையை மூடிவிட்டேன். உரிமத்தையும் ஒப்படைத்தாயிற்று.

புதுப் பீப்பாய்தான் திறந்தேன். நன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "பிரமாதம் ஆம்ப்ரோஸ்!" என்றார்கள். அக்டோபரிலிருந்து இதே குரலில்தான் சொல்லி வந்தார்கள். சிரில் மூன்று கிளாஸ் குடித்தான், போகும்போது அழுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு இதமாக ஏதாவது சொல்லியிருப்பான்.

கோபமில்லை என்று எழுதியிருக்கிறாய். பாசம் என்றும் எழுதியிருக்கிறாய். பல முறை படித்தேன். அது உண்மையா, இல்லை அவர்கள் சொல்லும் "பிரமாதம்" மாதிரியா என்று கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. குறை உன்னிடம் இல்லை. என்னிடம்தான் இருக்க வேண்டும்.

காலையிலிருந்து சிரில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான். திறக்கவில்லை. நீயும் இனிப் பதில் எழுதிச் சிரமப்படாதே.

ஆம்ப்ரோஸ்