நீ தைத்த திரை

‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ கப்பல்,
ஆகஸ்ட், 1952

அன்புள்ள லொரேன்,

நியூயார்க்கிலிருந்து கிளம்பி மூன்றே நாள், நாளை இங்கிலாந்து. அவ்வளவு வேகம்.

இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின், நான் பணியாளாகக் கவனிக்கும் அறையில் திருமதி பிரெண்டிஸ் என்ற கிழவி சிகரெட்டோடு கண்ணயர்ந்துவிட்டார். கருகும் நாற்றம் வந்து உள்ளே ஓடினேன். திரையின் மடிப்பில் சிகரெட் கனன்றுகொண்டிருந்தது. என் அண்ணன் வேலை பார்த்த கப்பல் எப்படி எரிந்தது என்று உனக்குத் தெரியும்.

திரை பற்றவில்லை. ஒரு பொத்தான் அளவுக்குக் கறுத்தது, அவ்வளவுதான்.

"ஐயோ, கப்பலையே கொளுத்தப் பார்த்தேனாப்பா?"

"அது முடியாதும்மா. திரை தீப்பிடிக்காத கண்ணாடி நூல்ல நெய்தது. இந்தக் கப்பல்ல மரம்னு பார்த்தா பியானோவும் கறி வெட்டுற கட்டையும்தான்."

"யாருப்பா தைச்சது?"

இந்தத் திரைகளைத் தைத்துத் தைத்து அந்தக் கண்ணாடி நூல் உன் கையை அரித்தபோது, "வேலையை விடு, இல்லேன்னா என்னை விடு" என்று கத்திவிட்டு வந்தவன் நான். நீ என் சட்டைகளை மடித்துக் கொடுத்தாய்.

"என் பொண்டாட்டிங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேத்தி கல்யாணத்துக்குப் போறேன். உயிரோட போறேன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

சொல்லிவிட்டேன். என் நன்றியும் அதோடு சேர்த்தி. வேலையை விடாதே, நல்ல கையுறையாகப் பார்த்து வாங்கி வருகிறேன்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வருவேன். கதவை நீயே திறந்தால் அதற்கும் நன்றி சொல்வேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்