நான் பூசி மறைத்த கோடு

பிரியமுள்ள ஏழுமலை அண்ணனுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் கரன்ட் கட் உண்டா, தெரியவில்லை. இங்கே நேற்று மட்டும் மூன்று தடவை. நந்தனம் ஆபீசில் விசிறி நின்றதும் எல்லோரும் ஒரே சமயத்தில் உஸ்ஸென்று பெருமூச்சு விடுகிறோம். நம் கம்பெனியில் ஒற்றுமை என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிகிறது. கத்திரி முடிந்துவிட்டது என்கிறார்கள், வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூராவும் படுத்துக் கிடந்தேன். எழுந்தபோது படுத்ததைவிடக் களைப்பாக இருந்தது.

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. உங்கள் ஜெனரேட்டர்களை இப்போது ஜான் பார்க்கிறார். நல்ல மெக்கானிக், மரியாதையான மனிதர். நான் எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்கிறார். "இன்னா தங்கச்சி, பொஸ்தகத்த கவுத்துப் புட்ச்சிகினு படிச்சியா?" என்று என் கணக்குத் தாளைத் தூக்கிக் காட்ட ஆள் இல்லாமல் வேலை செய்வது எவ்வளவு அலுப்பு, தெரியுமா?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அடையாறு நர்சிங் ஹோமில் நாம் போட்ட ஜெனரேட்டரின் ஷாஃப்ட் உடைந்துவிட்டது. போன மாதம், பட்டப்பகலில், ஓடிக்கொண்டிருக்கும்போதே. உள்ளே ஒரு பிரசவம் நடந்துகொண்டிருந்தது. மிச்ச வேலையை டார்ச் வெளிச்சத்தில் முடித்தார்களாம். தாயும் பெண் குழந்தையும் சுகம். அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இஞ்சின் பக்கமே போனேன்.

இரண்டு துண்டாகக் கிடந்த ஷாஃப்ட் தண்டைப் பார்த்திருந்தால் காரணம் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்பட்டிருக்காது. முறிந்த இடம் நேராக இல்லை. சாய்வாக, திருகியதுபோல் போயிருந்தது. முறுக்கு வாங்கிச் செத்த இரும்பு.

முதன்முதலில் இந்த முறுக்கு அதிர்வை உங்களுக்கு விளக்கப் பார்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் ஷாஃப்ட் ஒரு இழை முறுக்கிக்கொள்கிறது, உடனே திரும்பிக்கொள்கிறது, அதற்கென்று ஒரு சொந்தத் தாளம் உண்டு, வெடிப்பின் தாளமும் அதுவும் ஒன்றாகிவிட்டால் முறுக்கு ஏறிக்கொண்டே போய் ஒருநாள் உடையும் என்று நாலு பக்கம் கணக்கோடு வந்து நின்றேன். நீங்கள் கையிலிருந்த ஈர வேஸ்ட் துணியைப் பிழிந்து விட்டீர்கள். அது தானாகக் கொஞ்சம் திரும்பியது.

"இத்த மாரிதானே? இத்த சொல்றதுக்கா ராவெல்லாம் கண்ணு முழிச்ச?"

கோபம் வந்தது. ஆனால் சரியாகத்தான் சொன்னீர்கள். இந்த அதிர்வில் மோசம் என்னவென்றால் வெளியே எதுவும் குலுங்காது. இஞ்சின் மேல் டம்ளரில் தண்ணீர் வைத்தால்கூட அலை எழும்பாது. உள்ளே மட்டும் பிழிந்து பிழிந்து விட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் ஷாஃப்டின் முன் நுனியில் அந்தக் கனத்த சக்கரத்தை, டாம்பரை, மாட்டினோம். நடுவில் வண்டிச் சக்கரத்துக்கு இருப்பதுபோல் ஒரு குடம், வெளியே ஒரு இரும்பு வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். முறுக்கையெல்லாம் அந்த ரப்பர் தன்மேல் வாங்கிச் சூடாகக் கரைத்துவிடும். எந்த அளவு டாம்பர் என்று கணக்குப் போட்டது நான்.

ரப்பர் செத்துப் போனால் எப்படித் தெரியும் என்று கேட்டது நீங்கள். என் கணக்கில் அந்தக் கேள்வியே இல்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சின்ன உளியை எடுத்துக் குடத்திலிருந்து வளையம்வரை நேராக ஒரு கோடு வெட்டினீர்கள். அதில் வெள்ளை பெயின்டைத் தடவினீர்கள். "ரப்பரு வுட்டுச்சுன்னா வளையம் நவுரும். கோடு ரெண்டா பூடும். அவ்ளோதான் மேட்டரு." அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இஞ்சினை நிறுத்தி, துடைத்து, அந்தக் கோட்டைப் பார்ப்பீர்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. எந்தக் காகிதத்திலும் அந்த வேலை எழுதப்படவும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. நம் பொறுப்பில் இருக்கும் ஜெனரேட்டர்களுக்கெல்லாம் பச்சை பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்பது வழக்கம்தானே. உங்களுக்கு மஞ்சள் காமாலை முற்றியிருந்த நேரம் அது. ஆள் குறைவு. நானும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அடையாறு போனேன்.

எல்லாம் பளபளவென்று இருந்தது, அந்தச் சக்கரத்தின் முகம் மட்டும் கிரீஸும் அழுக்குமாக. அதையும் அடித்துவிட்டேன். கோட்டைப் பார்க்காமல் அடித்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பார்த்தேன் அண்ணே. காய்ந்ததும் மேலே வெள்ளையாக இன்னொன்று போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பூஜை ஆனது, பொரி கொடுத்தார்கள், அதற்குள் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சேதி வந்தது. அங்கே ஓடினேன். நீங்கள் அங்கிருந்து வீடு திரும்பவில்லை. அப்புறம் அந்தக் கோட்டை நினைக்கவே இல்லை. உங்களை எத்தனையோ தரம் நினைத்தேன், அதை நினைக்கவில்லை.

ஜானுக்கு அப்படி ஒரு கோடு இருப்பதே தெரியாது. ஆயில் பார்த்தார், தண்ணீர் பார்த்தார். இந்தக் கோடையில் இஞ்சின் ஓய்வில்லாமல் ஓடியது. ரப்பர் எப்போது விட்டதோ, யாருக்குத் தெரியும்?

ஷாஃப்ட் உடைந்த மறுநாள் தின்னரில் துணியை நனைத்துப் பச்சையைத் துடைத்தேன். குடத்தில் பாதிக் கோடு வந்தது. மீதிப் பாதி ஒன்றரை விரற்கடை தள்ளி வளையத்தில் இருந்தது.

"யாரு மேடம் போட்டது?" என்று கேட்டார் ஜான்.

"ஏழுமலை அண்ணன்."

"மேல பெயின்ட் யாரு அடிச்சது?"

"அது ஆயுத பூஜைக்கு அடிச்சது" என்றேன்.

யார் என்று கேட்டவருக்கு எப்போது என்று பதில் சொன்னேன். அவரும் வழக்கம்போல "சரிங்க மேடம்" என்றார். அந்த ஒரு முறையாவது அவர் என்னோடு சண்டை போட்டிருக்கலாம்.

மேனேஜர் சார் அறிக்கையைச் சொல்லச் சொல்ல டைப் அடிக்க வைத்தார். 'அப்போது பொறுப்பிலிருந்த மெக்கானிக் ஏழுமலை, பூஜைக்கான பராமரிப்பின்போது அடையாளக் கோட்டைக் கவனக்குறைவாகப் பெயின்டால் மறைத்தது காரணம்.' கீழே இஞ்சினியர் என்று என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "சார், அவர் அப்ப லீவுல இருந்தார்" என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதோ பாரும்மா. யார் அடிச்சாங்கன்னு நான் கேட்கலை. நீயும் சொல்லாதே. போனவருக்கு மெமோ கொடுக்க முடியுமா? உனக்குக் கொடுத்தா, நாளைக்கு நீ போடற கணக்கை எந்தப் பார்ட்டி நம்புவான்?"

கெட்டவர் இல்லை அவர். என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். நான் காப்பாற்றப்பட்டுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அந்தத் தாள் பத்து நாளாக என் மேஜை டிராயரில் கிடக்கிறது. மயிலாப்பூரில் பஸ் ஏறும்போது கையெழுத்துப் போடக் கூடாது என்று நினைப்பேன், நந்தனத்தில் இறங்கும்போது போட்டால்தான் என்ன என்று இருக்கும்.

நேற்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். ஆற்றோரத்தில் அதே வீடுதான். அண்ணி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, இப்பத்தான் வயி தெரிஞ்சிதா? உக்காரு. கிட்ட வராத, ஐயர் வூட்டுப் பொண்ணு மேல செதிலு தெறிக்கும்."

அறிக்கையில் உங்கள் பெயர் வரப்போவதைச் சொன்னேன். கத்தி நின்றது.

"இன்னான்னு எய்திக்கீறாங்க?"

"கவனக்குறைவுன்னு."

"அந்தாளா?" என்று சிரித்தார். "சோத்துல உப்பு போட்டனா இல்லியான்னு கவனிக்க மாட்டாரு, அது வாஸ்தவம். இஞ்சின்லயா?" கத்தியைக் கீழே வைத்தார். அப்புறம், "பதினெட்டு வருசம் அங்க வேல செஞ்சாரு. ஒரு காயிதத்துலயாவது அவரு பேரு வந்துதா? மொத தபா வருது. இப்பிடி வருது."

அப்போதுதான் சொன்னேன். பெயின்ட் அடித்தது நான்தான் என்று. தெரிந்தே அடித்தேன் என்று. அழுகை வந்தது. அவர் திட்டுவார், இல்லை தலையைத் தடவிக்கொடுத்து 'போவட்டும் வுடு' என்பார். இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

"நீ சொல்லலன்னா யாருக்கும் தெரியாதா?" என்றார்.

"தெரியாது அண்ணி."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்து அழுவுற? எய்துறவன்கிட்ட போய்ச் சொல்லு." மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார். "இருட்டிகினு வருது. பஸ்ஸு போயிடும், கெளம்பு."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று யோசித்தேன். இருந்ததா அண்ணே? பதினெட்டு வருஷம் கூட இருந்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியும். எழுதுகிறவன் யார் என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடப்போகிறவள் நான்தான் என்பதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

இன்று காலை அந்த டைப் தாளை ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு தாளில் என் கையாலேயே எழுத ஆரம்பித்தேன். கஷ்டமான வேலை ஒன்றுமில்லை, ஐந்தாறு வரிதான். எழுதி முடித்ததும் மனசு லேசாகும் என்று புத்தகங்களில் வரும். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் வலித்தது. வேலை இருக்குமா, மேனேஜர் சார் முகத்தில் எப்படி விழிப்பது, அப்பாவிடம் என்ன சொல்வது, எதுவும் தெரியவில்லை. கேட்டால் நீங்கள் ஏதாவது நக்கல் அடிப்பீர்கள். அதுகூட இல்லாமல் இதையெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படித்தால் படிக்கட்டும். இனிப் பின்வாங்க முடியாதபடி ஆகட்டும்.

வாக்குக் கொடுக்கிறேன். அறிக்கையில் உங்கள் பெயர் இருக்கும், 'இந்தச் சோதனைக் கோட்டை யோசித்துப் போட்டவர், வாரம் தவறாமல் பார்த்தவர்' என்ற வரியில். பெயின்ட் அடித்தவள் என்ற வரியில் என் பெயர். கொடுத்து முடித்த அன்றே ஒரு நகலை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போவேன். அண்ணிக்குப் படிக்க வராது. வாசலில் உட்கார்ந்து நானே உரக்கப் படிப்பேன், என் கையெழுத்து வரைக்கும்.

உங்களோடு சண்டை போட இன்னும் நிறைய மிச்சம் வைத்திருக்கும் தங்கச்சி,
கற்பகம்